உப்புப் போட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்குமா?

வாசகர் ஒருவர், 2024 ஜனவரி 6

தண்ணீரில் உப்பைப் போட்டால் சீக்கிரம் கொதிக்கும். யாரோ சொல்லிக் கேட்டதில்லை, கண்ணால் பார்த்தது. போட்ட நொடியில் சளசளவென்று பொங்குகிறது. மறுப்பவர்கள் ஒருமுறை அடுப்படிக்குப் போய்விட்டு வந்து மறுக்கவும்.

2024 ஜனவரி 6, இரவு 9.10

போய்விட்டு வந்தேன். மறுக்கிறேன்.

உப்பு கொதிநிலையை ஏற்றும், இறக்காது. எவ்வளவு ஏற்றும் என்பதில்தான் வேடிக்கை. ஒரு லிட்டர் தண்ணீரில் 58 கிராம் உப்பைக் கரைத்தால் கொதிநிலை சுமார் 1 டிகிரி செல்சியஸ் கூடும். கடல்நீரில்கூட லிட்டருக்கு 35 கிராம்தான் உப்பு. நாம் போடுவது ஒரு தேக்கரண்டி, 5 அல்லது 6 கிராம். அதில் கூடுவது 0.1 டிகிரி. வீட்டு வெப்பமானிக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஆகவே, "உப்புத் தண்ணீர் அதிகச் சூட்டில் கொதிக்கும், அதனால் சீக்கிரம் வேகும்" என்று எதிரணி சொல்வதும் காகிதத்தில் சரி, பாத்திரத்தில் ஒன்றுமில்லை.

அப்படியானால் கண்ணால் பார்த்தது? அது நிஜம்தான். ஆவிக்குமிழி பிறப்பதற்குச் சொரசொரப்பான ஓர் இடம் வேண்டும். உப்புப் பரல்களின் முனைகளும், அவற்றோடு ஒட்டிவரும் காற்றும் அப்படிப்பட்ட இடங்களை ஒரே நொடியில் அள்ளித் தருகின்றன. கொதிக்கும் விளிம்பில் நின்ற தண்ணீர் மொத்தமாகக் குமிழியிடுகிறது. சர்க்கரையைப் போட்டாலும் பொங்கும். கழுவிய மணலைப் போட்டாலும் பொங்கும், சாப்பிட முடியாது, அவ்வளவுதான்.

உப்புப் போடுவது ருசிக்கு. அடுத்த கேள்வி.

2024 ஜனவரி 7, காலை 7.30

அக்காவின் போன். "உப்பை விடு. தீயை முழுசாக வைத்தால் சீக்கிரம் வேகுமா, வேகாதா? அதைச் சொல்லு."

கொதிக்கும் வரை வேகும். கொதித்த பிறகு இல்லை.

ஒரு கிலோ தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 335 கிலோஜூல் வெப்பம் போதும். அதே தண்ணீரை முழுவதும் ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும், ஏறக்குறைய ஏழு மடங்கு. கொதி வந்தபின் நீங்கள் கூட்டிக் கொடுக்கும் தீ முழுவதும் இந்த இரண்டாவது கணக்கில்தான் போகிறது. தண்ணீர் 100 டிகிரியிலேயே நிற்கும். உருளைக்கிழங்குக்குக் கிடைப்பதும் அந்த 100 டிகிரிதான். அடுப்படி ஜன்னல் வியர்க்கும், எரிவாயு தீரும், கிழங்கு தன் வேகத்தில் வேகும். மூடியைப் போட்டு, குமிழி அங்கொன்றும் இங்கொன்றுமாக வருகிற அளவுக்குத் தீயைக் குறைத்தாலும் தண்ணீர் 95 டிகிரிக்கு மேல்தான் இருக்கும்.

உண்மையிலேயே அவசரம் என்றால் தீயை விட்டுவிட்டுக் கத்தியை எடுங்கள். ஒரு பொருளின் நடுப்பகுதிக்கு வெப்பம் போய்ச்சேரும் நேரம் அதன் தடிமனின் வர்க்கத்தை ஒட்டியே மாறும். தடிமனைப் பாதியாக்கினால் நேரம் கிட்டத்தட்டக் கால் பங்கு. முழுக் கிழங்குக்கு முப்பது நிமிடம் காத்திருப்பவர் அதைத் துண்டு போட்டால் பத்து நிமிடத்துக்குள் சாப்பிட உட்காரலாம்.

அக்கா இதைக் கேட்டுவிட்டு, "அப்போ இத்தனை வருஷமா எரிஞ்ச காஸுக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

2024 ஜனவரி 7, காலை 8.05

மேலே எழுதியதற்கு ஒரு விதிவிலக்கு. சாறு சுண்ட வேண்டும் என்றால் முழுத் தீ சரி. அங்கே ஆவியாவதுதான் வேலையே. பாத்திரமும் அகலமாக இருக்கட்டும், மூடி வேண்டாம்.

2024 ஜனவரி 9

மலைப்பகுதியிலிருந்து ஒருவர்: "எங்கள் ஊரில் நீங்கள் சொல்லும் 100 டிகிரி வருவதே இல்லை."

வராது. உயரம் கூடக் காற்றழுத்தம் குறையும், கொதிநிலையும் இறங்கும். தோராயமாக 300 மீட்டருக்கு 1 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். 2,400 மீட்டரில் தண்ணீர் 92 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். எவரெஸ்ட் உச்சியில் 70 டிகிரி அளவில். அங்கே நின்றுகொண்டு எவ்வளவு தீ வைத்தாலும் பயறு பல்லைத்தான் உடைக்கும்.

இதற்கு மருந்து 1679லேயே வந்துவிட்டது. டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் இறுக்கி மூடிய இரும்புப் பாத்திரம் ஒன்றைச் செய்து, எலும்பையே கூழாக்கிக் காட்டினார். ஆவியை அடைத்தால் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் கொதிநிலை ஏறும். பாத்திரம் வெடிக்காமலிருக்க அவர் வைத்த பாதுகாப்பு வால்வின் வாரிசுதான் இன்றைய குக்கர் வெயிட். வழக்கமான குக்கர் வெளிக்காற்றுக்கு மேல் இன்னொரு மடங்கு அழுத்தம் ஏற்றும். உள்ளே 120 டிகிரியைத் தொடும். சாதாரணக் கொதியில் ஆகும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும்.

விசில் எண்ணிச் சமைப்பவர்களுக்கு: விசில் கடிகாரமில்லை. அழுத்தம் வரம்பைத் தாண்டும்போது ஆவி தப்பிக்கும் சத்தம் அது. பெரிய தீயில் நான்கு விசில் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும், சின்னத் தீயில் கால் மணி நேரம் ஆகும். எண்ணிக்கை ஒன்றுதான், சமைத்த நேரம் வேறு. முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்துவிட்டு நிமிடத்தைக் கணக்கு வையுங்கள்.

2024 ஜனவரி 10

உப்புக் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். இரண்டு அடுப்பில் இரண்டு பாத்திரம் வைத்தாராம், உப்புத் தண்ணீர்தான் முந்தியதாம்.

எந்த அடுப்பில் எது இருந்தது? இரண்டு பர்னரும் ஒரே அளவா? பாத்திரங்கள் ஒரே உலோகமா? அலுமினியத்தில் வெப்பம் ஓடும் வேகத்தோடு ஒப்பிட்டால் எவர்சில்வர் பதினைந்தில் ஒரு பங்கு அளவுதான் தேறும். தண்ணீரை எடை போட்டு ஊற்றுங்கள், ஒரே பாத்திரத்தை, ஒரே பர்னரில், ஆறவைத்து ஆறவைத்துச் சோதியுங்கள். இல்லையென்றால் பாத்திரங்களை இடம் மாற்றி இன்னொருமுறை பாருங்கள்.

அதே நாள் மாலை

இடம் மாற்றிப் பார்த்தாராம். இந்தமுறை உப்பில்லாத தண்ணீர் முந்தியது. ஜெயித்தது இடப்பக்க பர்னர்.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 100 கிராம் கரைசலில் 20 கிராம் உப்பு இருக்கும்படி கலக்கினால், அதைச் சூடேற்ற அதே எடையுள்ள வெறும் தண்ணீருக்கு ஆவதைவிடக் குறைந்த வெப்பம் போதும். கொதிநிலை சில டிகிரி ஏறினாலும் பந்தயத்தில் முந்திவிடும். ஆக அவர் சொன்னது சரியாகும் இடம் ஒன்று இருக்கிறது. அந்தத் தண்ணீரில் சமைத்ததை யாரும் வாயில் வைக்க முடியாது.

2024 ஜனவரி 14

வெங்காயம். இதற்கு ஒரு நாள் முழுவதும் ஒதுக்கியிருக்கிறேன், ஏனென்றால் சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் மேல் எனக்கு இருக்கும் பழைய கோபம் இது. "வெங்காயத்தைப் பொன்னிறமாகும் வரை ஐந்து நிமிடம் வதக்கவும்." எந்த வெங்காயம்? எந்த கிரகத்தில்?

கணக்குப் போடலாம். வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அரைக் கிலோ வெங்காயத்தில் 440 கிராமுக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. நிறம் வரவேண்டுமானால் முழுவதும் போகவேண்டியதில்லை, 300 கிராமாவது போகவேண்டும். 300 கிராமை ஆவியாக்க ஏறக்குறைய 680 கிலோஜூல். உங்கள் அடுப்பு வாணலிக்குள் நொடிக்கு ஒரு கிலோஜூல் இறக்குகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 680 நொடி, அதாவது பதினொரு நிமிடத்துக்கு மேல். அதுவும் இடைவிடாத தீயில், ஒரு துண்டும் கருகாமல். அதற்குப் பிறகுதான் நிறம் மாறவே தொடங்கும். தீயைக் குறைத்து நிதானமாக வதக்குகிறவருக்கு அரை மணி, முக்கால் மணி ஆவதில் ஆச்சரியமே இல்லை.

தண்ணீர் போகாமல் ஏன் நிறம் வராது? புரதத்தில் இருக்கும் அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பேறும் வினையை 1912ல் லூயி காமில் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்தார். ரொட்டியின் மேல்தோல், வறுத்த காப்பிக்கொட்டை, சுட்ட இறைச்சி எல்லாவற்றின் வாசனையிலும் அவருடைய கை இருக்கிறது. அந்த வினை சுறுசுறுப்பாக நடக்க 140 டிகிரியாவது வேண்டும். தண்ணீர் இருக்கும் இடத்தில் 100 டிகிரியைத் தாண்ட வழியில்லை. கடைசி விருந்தாளி கிளம்பாமல் வாசல் கதவைச் சாத்த முடியாது, அந்த நிலைமைதான் வாணலிக்கும்.

வாணலி பக்கத்தில் நின்று காது கொடுத்துப் பாருங்கள். முதலில் ஈரமான, தடித்த சளசளப்பு. வெங்காயம் கண்ணாடிபோல் ஆகி, அளவில் பாதியாகச் சுருங்கும்போது சத்தம் மெலிந்து, எண்ணெயின் சன்னமான சிடுசிடுப்பு மட்டும் மிஞ்சும். விளிம்புகளில் வைக்கோல் நிறம் அப்போதுதான் எட்டிப்பார்க்கும். அதுவரை சும்மா இருந்த மூக்கு அந்த நிமிடத்தில் விழித்துக்கொள்ளும். அடிப்பக்கத்தில் பழுப்பாக ஒட்டினால் ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிடுங்கள். தண்ணீரை விரட்டத்தான் இவ்வளவு நேரம் நின்றோம், மறுபடி தண்ணீரா என்று கேட்பீர்கள். ஒரு கரண்டிதான், நிமிடத்தில் போய்விடும். ஒட்டிய பழுப்பு கரைந்து வெங்காயத்தின் மேலேயே ஏறும், கருகவும் கருகாது.

அவசரக்காரர்களுக்கு ஒரு குறுக்குவழி: இரண்டு விரலால் எடுக்கிற சமையல் சோடா. காரத்தன்மை (மிளகாய்க் காரமில்லை, அமிலத்துக்கு எதிரான காரம்) கூடினால் மயார் வினை வேகமெடுக்கும். கூடவே வெங்காயத்தின் செல்சுவரும் இளகி, கூழாகும். குழம்புக்கு அரைக்கப்போகிறீர்கள் என்றால் லாபம். நீள நீளமாக, மொறுமொறுவென்று வேண்டுமென்றால் சோடாவைத் தொடாதீர்கள். அளவு மீறினால் சோப்பு ருசி வரும்.

2024 ஜனவரி 15

"வதக்குவது இருக்கட்டும், நறுக்கும்போதே அழுகிறேனே?"

வெங்காயத்தின் செல்லுக்குள் ஒரு கந்தகச் சேர்மமும், அதை உடைக்கும் நொதியும் தனித்தனி அறையில் இருக்கின்றன. கத்தி சுவரை உடைத்ததும் இரண்டும் சந்திக்கும். அதில் பிறப்பதை இன்னொரு நொதி எடுத்து, காற்றில் ஏறக்கூடிய கண்ணீர்ப்பொருளாக மாற்றுகிறது. இந்த இரண்டாவது நொதியை 2002ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்து அறிவித்தார்கள். 2013ல் அவர்களுக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவைத்து அப்புறம் யோசிக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரப்படும் பரிசு அது. இவர்கள் அழவைப்பதை ஆராய்ந்து வாங்கிவிட்டார்கள்.

செய்யவேண்டியது: வெங்காயத்தை அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுங்கள். நொதியும் மந்தமாகும், வாயுவும் குறைவாக எழும். கத்தி கூர்மையாக இருந்தால் நசுங்கும் செல்களும் குறையும். வாயில் ரொட்டித் துண்டைக் கவ்வுவது, மெழுகுவர்த்தி ஏற்றுவது எல்லாம் பார்ப்பவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. நீச்சல் கண்ணாடி நிச்சயம் வேலை செய்யும், மானம் பற்றிக் கவலைப்படாதவர்களுக்கு.

2024 ஜனவரி 18

"இறைச்சியை முதலில் அதிகச் சூட்டில் சுட்டால் மேல்பக்கம் மூடிக்கொண்டு சாறு உள்ளேயே நின்றுவிடும்." மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். ஜெர்மன் வேதியியலாளர் யுஸ்டஸ் ஃபான் லீபிக் 1847ல் இதைச் சொன்னார். பெரிய மனிதர், உரங்களின் வேதியியலுக்கு அடித்தளம் போட்டவர். இந்த விஷயத்தில் அவர் சொன்னது தப்பு. சாறு அடைபட்டுவிட்டது என்றால், வாணலியில் தொடர்ந்து ஏன் சத்தம் வருகிறது? அந்தச் சத்தமே சாற்றுத்தண்ணீர் ஆவியாகும் சத்தம்தானே. சுட்டதையும் சுடாததையும் ஒரே உள்சூட்டுக்குச் சமைத்து எடை போட்டுப் பார்த்தாலும் சுட்டதில் சாறு மிச்சமாகி நிற்பதில்லை.

ஆனாலும் சுடுங்கள். மேல்பரப்பைத் துணியால் ஒற்றி ஈரம் எடுத்துவிட்டுச் சுடுங்கள். மயாருக்காக.

2024 ஜனவரி 18, சற்றுப் பிறகு

வாணலி போதுமான சூடா என்று எப்படிப் பார்ப்பது என்றால்: எண்ணெய் ஊற்றும் முன் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். விழுந்த இடத்திலேயே சுர்ரென்று கொதித்துப் போனால் இன்னும் சூடு ஏறவில்லை. உருண்டையாகத் திரண்டு பாத்திரம் முழுக்கச் சறுக்கி ஓடினால் 200 டிகிரியை ஒட்டி வந்துவிட்டது. துளிக்கு அடியில் அதன் ஆவியே மெத்தையாக நின்று சூட்டைத் தடுக்கிறது. 1756ல் லைடன்ஃப்ராஸ்ட் என்ற மருத்துவர் எழுதிவைத்தது. சூடு கூடியபோது தண்ணீர் அதிக நேரம் உயிரோடிருக்கும் ஒரே இடம் இதுதான். ஒட்டாத பூச்சு உள்ள வாணலியில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், வெறும் வாணலியை அவ்வளவு சூடாக்குவது பூச்சுக்கு ஆகாது.

2024 ஜனவரி 23

சோடா காயை இளக்கும் என்று எழுதினேன். ஒருவர் நேர்மாறான புகாரோடு வந்தார்: தக்காளியோடு சேர்த்து வேகவைத்த பயறு இரண்டு மணி நேரமாகியும் கல்லாகவே இருக்கிறதாம்.

இரண்டும் ஒரே கதை. காய், கிழங்கு, பயறு எல்லாவற்றிலும் செல்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின். வேகிறது என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்தப் பெக்டின் கரைவது. சோடா போன்ற காரம் அதைக் கரைக்கும், தக்காளி, புளி போன்றவற்றின் அமிலம் இறுக்கும். பயறு பாதியாவது மெத்தென்று ஆனபிறகு தக்காளியையும் புளிப்பையும் சேருங்கள். கிழங்குத் துண்டுகள் சாற்றில் உடையாமல் நிற்கவேண்டும் என்றால் இதையே திருப்பிப் போட்டு, புளிப்பை முதலிலேயே சேருங்கள்.

இனி உப்புப் போட்டவருக்கு ஒரு நல்ல செய்தி. பெக்டின் இழைகளுக்கு நடுவில் கால்சியமும் மக்னீசியமும் பாலமாக நிற்கின்றன. ஊறவைக்கும் தண்ணீரில் உப்புப் போட்டால் சோடியம் உள்ளே போய் அந்தப் பாலங்களில் சிலவற்றை விலக்கிவிடும். பயறு மெத்தென்று, தோல் வெடிக்காமல் வேகும். "உப்புப் போட்டால் பயறு வேகாது" என்று எல்லோரும் சொல்வதற்கு நேர் எதிர். உப்பு தண்ணீரை அவசரப்படுத்தாது, பயற்றை அவசரப்படுத்தும்.

விளையாட்டில்லாத ஒரு விஷயம். சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் அதிகம். ஒரு சில மணிகள் சரியாக வேகாமல் போனாலே வாந்தியும் பேதியும் கொண்டுவந்துவிடும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவையுங்கள். அரை மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. மின்சார மெதுகுக்கரில் பச்சையாகப் போட்டு 80 டிகிரியில் நாள் முழுவதும் வைப்பது ஆபத்து. அந்தச் சூட்டில் நச்சு அழியாது, கூடவும் கூடலாம். தீயைக் குறையுங்கள் என்று ஜனவரி 7 அன்று எழுதியது ராஜ்மாவின் இந்தக் கொதிக்குப் பொருந்தாது.

2024 ஜனவரி 27

முட்டை. மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வந்தால் முட்டை பழசு என்று நினைக்கிறார்கள். பழசில்லை, நேரம் கூடிப்போயிருக்கிறது. வெள்ளையிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, மஞ்சளில் இருக்கும் இரும்போடு சேர்ந்து இரும்பு சல்ஃபைடாகிறது. தின்னலாம், ஒன்றும் ஆகாது. நேரத்தைக் குறைத்து, எடுத்ததும் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் வளையம் வராது.

வெள்ளை 62 டிகிரி வாக்கில் இறுகத் தொடங்கும், மஞ்சள் 65ல் கெட்டியாகி 70ல் உறையும், வெள்ளையின் முக்கியப் புரதம் முழுதாக இறுக 80 ஆகும். நாமோ 100 டிகிரியில் போட்டுவிட்டு, ரப்பராகிவிட்டதே என்று கோழியைத் திட்டுகிறோம்.

உரிப்பது: அன்றைக்கு இட்ட முட்டை தோலோடு வெள்ளையையும் பிய்த்துக்கொண்டு வரும். நாள் ஆக ஆக ஓட்டின் துளைகள் வழியே கார்பன் டை ஆக்சைடு வெளியேறி வெள்ளையின் காரத்தன்மை ஏறும், உள்தோலோடு பிடிப்பு தளரும். முட்டையைப் பச்சைத்தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைப்பதைவிடக் கொதிக்கும் தண்ணீரில் இறக்கினால் எளிதாக உரியும். தண்ணீரில் உப்புப் போடுங்கள், வினிகர் ஊற்றுங்கள் என்பவர்களுக்கு: ஊற்றிக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஆக்ஸ்ஃபர்டில் நிக்கலஸ் குர்த்தி என்று ஓர் இயற்பியலாளர் இருந்தார். தனிச்சுழிக்கு (மைனஸ் 273 டிகிரிக்கு) மிக அருகே வரை பொருள்களைக் குளிர்விப்பது அவர் துறை. 1969ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சமையலறை இயற்பியல் பற்றிப் பேசினார். வெள்ளிக் கிரகத்தின் காற்று எவ்வளவு சூடு என்று அளந்துவிட்டோம், அடுப்பில் பொங்கி எழும் முட்டைப் பண்டத்துக்குள் என்ன நடக்கிறதென்று தெரியவில்லையே என்பது அவருடைய வருத்தம். நான் வெப்பமானி வாங்கியதற்கு அவர்தான் சாக்கு.

2024 பிப்ரவரி 2

ரொட்டியைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். காய்ந்துபோவதால் ரொட்டி கெட்டியாகிறது என்று எல்லோரும் நினைத்திருந்த காலத்தில், 1852ல் பூசங்கோ என்ற பிரெஞ்சுக்காரர் ஈரம் போகாதபடி அடைத்துவைத்த ரொட்டியும் கெட்டியாவதைக் காட்டினார். வெந்தபோது தண்ணீரைக் குடித்து உப்பிய மாவுச்சத்து, ஆறியதும் மறுபடி வரிசை கட்டிப் படிகமாகிறது. உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது சரியாகக் குளிர்பெட்டியின் சூட்டில், இது மிக வேகமாக நடக்கும். உறைபெட்டியில் வைத்தால் நின்றுவிடும். 60 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் படிகம் கலைந்து மறுபடி மெத்தென்றாகும். ஆறினால் பழைய கல்தான், உடனே சாப்பிடுங்கள்.

சோறும் இதேபோலக் குளிரில் கெட்டியாகும். அதற்காகச் சோற்றை வெளியே விடாதீர்கள். அரிசியில் இருக்கும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாது. வெதுவெதுப்பில் முளைத்து அது உண்டாக்கும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போகட்டும். கெட்டியானால் தண்ணீர் தெளித்துச் சூடாக்கிக்கொள்ளலாம்.

2024 பிப்ரவரி 2, இரவு

மைக்ரோவேவ் உள்ளிருந்து வெளியே வேகவைக்காது. அலை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் போவதற்குள் வலுவிழந்துவிடும், அதற்குமேல் நடுவுக்குப் போவது வழக்கமான வெப்பக் கடத்தல்தான். அது சூடாக்குவதும் பெரும்பாலும் தண்ணீர் மூலக்கூறுகளைத்தான், அதனால்தான் உள்ளே வைத்த எதுவும் பழுப்பேறுவதில்லை. பனிக்கட்டி அந்த அலையை அதிகம் ஏற்காது. ஆகவே உறைந்த உணவில் முதலில் உருகிய மூலை வெந்துகொண்டிருக்கும், பக்கத்தில் பாறையாக இருக்கும். குறைந்த சக்தியில், விட்டு விட்டு.

2024 பிப்ரவரி 5

பால். தண்ணீர் கொதித்தால் பாத்திரத்துக்குள் நிற்கிறது, பால் ஏன் அடுப்புக்கு வருகிறது என்று கேட்டிருந்தார் ஒருவர். தண்ணீரின் குமிழி மேலே வந்ததும் உடையும். பாலின் குமிழியைப் புரதம் சுற்றிக்கொள்வதால் உடையாது, நுரையாக அடுக்கும். மேலே ஏடு வேறு படர்ந்து மூடி போட்டிருக்கும். நாம் திரும்பிப் பார்க்காத நேரம் பார்த்துப் பொங்குகிறது என்பதற்கு மட்டும் அறிவியலில் விளக்கமில்லை.

பாத்திரத்தின் குறுக்கே மரக்கரண்டி வைப்பது? கொஞ்ச நேரம் வேலை செய்யும். நுரை அதன்மேல் பட்டு உடையும், குளிர்ந்த மரத்தில் ஆவி தண்ணீராகும். கரண்டியே சூடேறியதும் அதுவும் வேடிக்கை பார்க்கும். அகலப் பாத்திரம், குறைந்த தீ, அவ்வப்போது கிளறல்.

2024 பிப்ரவரி 5, பின்குறிப்பு

பொங்குவதைப் பற்றிப் பேசும்போதே இதையும். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். எண்ணெய்க்கு அடியில் இறங்கும் தண்ணீர் ஒரே நொடியில் சுமார் 1,700 மடங்கு ஆவியாகப் பெருகி, எரியும் எண்ணெயை வீடு முழுக்கத் தூக்கி அடிக்கும். அடுப்பை அணையுங்கள், மூடியைச் சரித்து வாணலியை மூடுங்கள், ஆறும்வரை திறக்காதீர்கள். வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் ஓடாதீர்கள்.

2024 பிப்ரவரி 11

மிளகாய் கடித்தவர் தண்ணீர் குடிப்பதால் ஏன் பயனில்லை?

காரம் ருசியே இல்லை. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் போய் ஒட்டுவது நரம்பில் இருக்கும் ஓர் ஏற்பியில், அது 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணரவேண்டிய ஏற்பி. நாக்கு சுடவில்லை, சுடுகிறது என்று மூளைக்குத் தகவல் போகிறது. 1997ல் இந்த ஏற்பியை அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021ல் மருத்துவ நோபலில் பங்கு கிடைத்தது. கேப்சைசின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது, கொழுப்பில் கரையும். தண்ணீர் குடித்தால் காரம் வாய் முழுக்க ஊர்வலம் போகும். பால் குடியுங்கள், அதன் கேசீன் புரதம் கேப்சைசினைப் பிடித்துக்கொண்டு போகும்.

கைக்கும் இதேதான். மிளகாய் நறுக்கிய விரலில் முதலில் எண்ணெய் தேய்த்து, அப்புறம் சோப்பு. கண்ணில் லென்ஸ் போடுபவர்கள் நறுக்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். இரவில் அதைக் கழற்றுவதும் அதே விரல்தானே என்று உடனே ஒருவர் கேட்பார். கையுறை.